‘செட் ஆகுமா?’ – பழைய ஸ்பிளெண்டருக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எங்கே வாங்குவது

அப்பாவின் ஸ்பிளெண்டர் 2001-இல் பதிவான வண்டி. 2016-இலும் 2021-இலும் ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. எஞ்சின் இன்னும் முதல் உதையிலேயே பிடிக்கிறது. ஆனால் இன்றைய தேவை எதற்கும் அதில் இடமில்லை. போன் சார்ஜ் போட வழியில்லை. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அகல் விளக்காகிவிடுகிறது. சாரி கார்டில் துரு தின்றதுபோகப் பாதிதான் மிச்சம். கேரியர் எப்போதோ உடைந்து, அப்பாவே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

இதே மாதிரி வண்டியை வைத்துக்கொண்டு, “எங்கே வாங்கினால் சரியாக இருக்கும்?” என்று கேட்பவர்கள் என்னைச் சுற்றியே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஷோரூமா, ஸ்பேர்ஸ் கடையா, ஆன்லைனா, புதுப்பேட்டையா, பேசாமல் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வதா? ஐந்தையும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டில் பணம் போனது, ஒன்றில் வண்டியே இரண்டு நாள் நின்றது. அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. ஸ்பிளெண்டரை வைத்து எழுதினாலும், சி.டி. 100, பழைய பேஷன் போன்ற அதன் பங்காளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

## பெயர் ஒன்று, வண்டி பல

கடையில் போய்க் கேட்டால் பதில் ஒன்றுதான்: “ஸ்பிளெண்டருக்கா? செட் ஆகும் சார்.” அவர் சொல்வது பொய்யில்லை. எந்த ஸ்பிளெண்டருக்கு என்பதைத்தான் சொல்லவில்லை.

ஹீரோ ஹோண்டா முதல் ஸ்பிளெண்டரை விட்டது 1994-இல். 2004-இல் ஸ்பிளெண்டர் பிளஸ் வந்தது. அப்புறம் சூப்பர் ஸ்பிளெண்டர், என்.எக்ஸ்.ஜி., புரோ, ஐஸ்மார்ட் என்று குடும்பம் பெருகியது. இதில் சூப்பர் ஸ்பிளெண்டர் 125 சி.சி. வண்டி; நம் 97.2 சி.சி. வண்டிக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு குறைவு. 2011-இல் கம்பெனியின் பெயரே ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது, அதனால் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் போய்விட்டது. 2020-இல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்ததும் கார்புரேட்டரும் போனது.

அதாவது ‘ஸ்பிளெண்டர்’ என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது, ஊர் பெயர் மட்டும் போட்டுக் கதவு எண் போடாத கடிதம் மாதிரி. வண்டி இன்னும் விற்பனையில் இருப்பதால் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இல்லாத வசதிதான். அதே காரணத்தால் தப்பான சாமானும் நம் கைக்குத் தாராளமாக வந்து சேர்கிறது.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

கடையைத் தேடுவதற்கு முன்னால், வாங்கப்போகும் பொருளை நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, அது வண்டியில் எங்கே பிடிக்கும்? ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலா, கிளாம்ப் போட்டா, புதிதாக ஓட்டை போட்டா? பழைய போல்ட்டில் கூடுதலாக ஒரு தகட்டைச் செருகினால் நட்டு பிடிக்கும் மரை குறையும். பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில் சாரி கார்டு, கேரியர், சைடு பாக்ஸ் என்று மூன்று தகட்டை அடுக்கிவிட்டு, கப் நட்டை இரண்டு மரையில் தொங்கவிட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் நட்டு கெட்டியாக இருப்பது போலத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், மரையின் இடைவெளி. ஜப்பான் வழி வந்த இந்த வண்டிகளில் 10 மில்லி போல்ட் பெரும்பாலும் 1.25 மரை. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 10 மில்லி போல்ட் 1.5 மரை. முதல் இரண்டு சுற்று கையால் போகும், மூன்றாவதில் இறுகும். அப்போது ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வண்டியின் மரை போயிற்று. 8 மில்லியில் மரை ஒன்றுதான், தலைதான் வேறு: வண்டி போல்ட்டுக்கு 12 ஸ்பேனர், கடை போல்ட்டுக்கு 13. தலையைப் பார்த்தே எது வண்டியோடு வந்தது, எது பிறகு யாரோ போட்டது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கரன்ட் குடிக்குமா? இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

கிக் ஸ்டார்ட் ஸ்பிளெண்டரின் பேட்டரி 12 வோல்ட், 2.5 ஆம்பியர் அவர். சின்ன டிபன் பாக்ஸ் அளவு. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், நியூட்ரல் விளக்கு ஆகியவைதான் அதன் பொறுப்பு. ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியைத் தொடுவதே இல்லை. எஞ்சின் ஓடும்போது கரன்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேரே ஏ.சி. கரன்டில் எரிகின்றன. அதனால்தான் ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடுகிறது, விட்டால் மங்குகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு ஆம்பியர் யூ.எஸ்.பி. சார்ஜர் என்றால் 10 வாட், பேட்டரியிலிருந்து ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். அதோடு 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போட்டால் இன்னும் 1.7 ஆம்பியர். நெரிசலில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மேக்னெட் பேட்டரிக்குத் திருப்பித் தருவது சொற்பம். வருமானத்துக்கு மேல் செலவு செய்கிற வீடு எத்தனை மாதம் ஓடும்?

மூன்றாவது, எடை தாங்க வேண்டியதா, சும்மா அழகுக்கா? கேரியர், சாரி கார்டு, ஃபுட்ரெஸ்ட், சைடு பாக்ஸ் முதல் வகை. டேங்க் கவர், பேட்ஜ், கிரிப் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் எங்கே வாங்கினாலும் அதிகபட்ச நஷ்டம் பணம்தான்.

நான்காவது, வேண்டாமென்றால் பழையபடி ஆக்க முடியுமா? பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். பல சுரம் பாடும் ஹாரனுக்கு விதியில் இடமில்லை. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி இருந்தே ஆக வேண்டும். சாரி கார்டை நாம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்று சொன்னாலும் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சேஸிஸில் கை வைக்கிற மாற்றம் எதுவானாலும் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும்.

விலையை நான் ஐந்தாவது கேள்வியாகக்கூட வைக்கவில்லை. விலைச் சீட்டில் எழுதியிருக்கும் விலை ஒன்று, வண்டியில் ஏறி ஒரு மழைக்காலத்தைத் தாண்டும்போது ஆகியிருக்கும் விலை வேறு. கீழே ஒவ்வொரு வழியிலும் அந்த இரண்டாவது விலையைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

## வழி 1: கம்பெனி கவுண்டர்

டீலர் ஷோரூமை ஒட்டி இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர். வண்டி எண்ணையும் ஆண்டையும் சொன்னால் கணினியில் படம் பார்த்துப் பார்ட் நம்பர் எடுப்பார்கள். இதுதான் இந்த வழியின் பலம். ஹோண்டா வழக்கப்படி பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பொருள் என்பதைச் சொல்லும். நடுவில் வரும் மூன்றெழுத்துக் குறி, முதலில் எந்த மாடலுக்காக வடிவமைத்தார்கள் என்பதைச் சொல்லும். அந்த நடுக் குறி ஒன்றாக இருந்தால் தைரியமாக வாங்கலாம். வேறாக இருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

பழைய வண்டிக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் உதிரிப் பாகம்தான், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் குறைவு. இருபது வருஷத்துக்கு முந்தைய கேரியரோ வைசரோ கேட்டால் பையன் சிரிப்பான். ஆனால் ஹெட்லைட் டூம் (பல்பு உட்காரும் கிண்ணம்), பல்பு ஓல்டர், இண்டிகேட்டர், ஹாரன், சுவிட்ச், ரெகுலேட்டர் மாதிரியானவற்றை முதலில் இங்கேதான் கேட்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: காத்திருப்பு. “ஆர்டர் போட்டுத் தர்றோம் சார்” என்றால் முன்பணம் கட்ட வேண்டும், வந்ததும் திருப்பித் தர முடியாது. ஒரு சின்ன ரப்பர் புஷ் மட்டும் வேண்டுமென்று போனால் முழு அசெம்பிளியாகத்தான் வரும் என்பார்கள். இன்னொன்று, அங்கேயே மாட்டித் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி.

என் ஹெட்லைட் பிரச்சினை இங்கேதான் தீர்ந்தது. எல்.இ.டி. போட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். கடைசியில் பார்த்தால் டூமின் உள்ளே இருந்த வெள்ளிப் பூச்சு உரிந்து போயிருந்தது. புது டூம், புது 35/35 வாட் பல்பு, எர்த் ஒயரின் முனையைச் சுரண்டி இறுக்கியது, அவ்வளவுதான். ஐடிலில் மங்குவது இன்னும் இருக்கிறது, அது வண்டியின் பிறவிக் குணம். ஓட்டும்போது சாலை தெரிகிறது.

## வழி 2: ஸ்பேர்ஸ் கடை

சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குப் போனால் வண்டிக்கு மாட்டக்கூடிய எதுவும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு தெரு உண்டு. லெக் கார்டு, சாரி கார்டு, கேரியர், சைடு பாக்ஸ், சீட் கவர், மிரர் எல்லாவற்றிலும் மூன்று தரம் வைத்திருப்பார்கள்: கம்பெனி, ‘நல்ல கம்பெனி’, அப்புறம் பெயரில்லாதது. நடுவில் இருப்பதுதான் நமக்குச் சரி. பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பாக்கெட்டை நான் தொடுவதில்லை.

இந்த வழியின் பெரிய வசதி, பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வண்டியையே கடை வாசலில் நிறுத்திப் பொருத்திப் பார்க்கலாம். மிரர் வாங்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். தண்டு மரையில் 8 மில்லி, 10 மில்லி என்று இரண்டு அளவு உண்டு. யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்க மிரருக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். கடையில் கலந்து கிடந்தால் அது நம் தலையில் கட்டப்படும்.

எங்கே ஏமாறுவோம்? லெக் கார்டில். பளபளவென்று குரோம் பூசிய மெல்லிய பைப், இரண்டு யூ கிளாம்ப். சேஸிஸின் முன் பைப்பில் இறுக்கினால் ஒரு மாதத்தில் அதிர்வில் லூசாகி பெயின்டை உரித்துவிடும், உரிந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும். விழுந்தால் வளைந்து எஞ்சின் பக்கமே வரும். லெக் கார்டு வாங்குவதென்றால் கையில் தூக்கிப் பாருங்கள்; கனமே இல்லையென்றால் வேண்டாம். கிளாம்புக்கு அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். பழைய டியூப்பை வெட்டினாலே போதும்.

பேரம் பேசலாம், பில் கேட்டால் முகம் மாறும். இருந்தாலும் கேளுங்கள். பில் இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள்.

## வழி 3: ஆன்லைன் ‘யுனிவர்சல்’

‘எல்லா பைக்குக்கும் பொருந்தும்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. வந்த வழி சொல்கிறேன்.

இணையத்தில் ஒரு சார்ஜர் வாங்கினேன். தண்ணீர் படாத மூடி, நீல விளக்கு, பார்க்க ஜோர். சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பாடம். ஹெட்லைட் வைசருக்குள் கை விட்டுச் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றினேன். சாவி போட்டேன். வேலை செய்யவில்லை. சாவியை எடுத்தேன். நீல விளக்கு மங்கலாக எரிந்தது! திரும்பச் சாவி போட்டால் அணைந்தது. பேய் பிடித்த சார்ஜர் என்று முடிவு செய்து திருப்பி அனுப்ப எழுதினேன். ஒயரைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

தெரு முனை மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, “தம்பி, ஹோண்டா வண்டில கறுப்புதான் சாவி கரன்ட். எர்த் பச்சை” என்றார். அவ்வளவுதான் விஷயம். சாவி போட்டால் இரண்டு ஒயரிலும் பிளஸ், அதனால் கரன்ட் ஓட வழியில்லை. சாவியை எடுத்தால் சிவப்பிலிருந்து சார்ஜர் வழியாகக் கறுப்புக்குப் போய், நியூட்ரல் பல்பு வழியாக எர்த்துக்குக் கரன்ட் கசிந்திருக்கிறது. இரண்டு நாள் வண்டி நின்றதும் பேட்டரி இறங்கியதும்தான் மிச்சம். சார்ஜரின் சிவப்பை வண்டியின் கறுப்போடும், அதன் கறுப்பை வண்டியின் பச்சையோடும் சேர்த்து, நடுவில் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டார். இன்றுவரை ஓடுகிறது. மற்ற கம்பெனி வண்டிகளில் நிறக் கணக்கு வேறு. யமஹாவில் கறுப்பேதான் எர்த். ‘யுனிவர்சல்’ செய்பவருக்கு இதெல்லாம் கவலையில்லை.

எல்.இ.டி. ஹெட்லைட் பல்பும் இங்கேதான் அதிகம் விற்கிறது. டி.சி.க்குச் செய்த பல்பை நம் ஏ.சி. லைனில் போட்டால் ஐடிலில் படபடவென்று துடிக்கும், சீக்கிரமே செத்தும் போகும். ஏ.சி.-டி.சி. இரண்டுக்கும் ஆகும் என்று போட்டிருக்கும் பல்பு கிடைக்கிறது. அதையும் நம் பழைய ரிஃப்ளெக்டரில் வைத்தால் வெளிச்சம் சிதறி எதிரில் வருபவர் கண்ணில்தான் அடிக்கும். முழு டி.சி.யாக மாற்ற வேண்டுமென்றால் மேக்னெட் பிளேட்டில் காயிலின் எர்த் முனையைப் பிரித்து, ஃபுல் வேவ் ரெகுலேட்டர் மாற்றி, பெரிய பேட்டரி போட வேண்டும். செய்யத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இருந்தால் செய்யலாம். அந்தப் பணத்துக்கு என்ன வரும் என்று யோசித்துவிட்டு நான் விட்டுவிட்டேன்.

எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் இன்னொரு வேடிக்கை. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷர், 10 வாட் பல்பு இரண்டு இழுக்கும் கரன்டை நம்பி வேலை செய்வது. எல்.இ.டி. இழுப்பது போதாது. அதனால் படுவேகமாகச் சிமிட்டும், அல்லது சிமிட்டவே சிமிட்டாது. பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதைப் பல விளம்பரங்கள் சொல்வதில்லை.

சரி, ஆன்லைனில் எதைத்தான் வாங்கலாம்? கரன்டும் வேண்டாம், கனமும் தாங்க வேண்டாம் என்ற சாமான்களை. போன் ஓல்டர் வாங்கலாம். ஹேண்டில்பார் பைப் 22 மில்லி என்பது பொதுவான அளவு, கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். டேங்க் பை, மழை கவர், கிரிப், ஸ்பேனர் செட் வாங்கலாம். வாங்குமுன் ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்தை மட்டும் படியுங்கள். பொருந்தாத கதை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

## வழி 4: புதுப்பேட்டை, காயலான் கடை

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். அறுத்துப் போட்ட வண்டிகளின் உடல் உறுப்புகள் ஒரு தெரு முழுக்க. பழைய வண்டிக்காரனுக்கு அது கோயில் திருவிழா மாதிரி. போனால் சீக்கிரம் திரும்ப மனசு வராது.

இங்கே கிடைப்பது அதே காலத்தில் அதே வண்டிக்காகச் செய்த சாமான். பொருந்துமா என்ற கேள்வியே எழாது. எனக்குக் கேரியர் இங்கேதான் கிடைத்தது. என் வண்டி போலவே ஒரு வண்டியில் 20 வருஷம் இருந்துவிட்டு வந்தது, நான்கு ஓட்டையும் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. புதிதாக விற்கும் கேரியரைவிடத் தகடு தடிமன். வைசர், சைடு பேனல், மட்கார்டு, சீட் அடிப்பலகை எல்லாவற்றுக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன்.

வாங்கக் கூடாதவை இருக்கின்றன. ரெகுலேட்டர், சி.டி.ஐ. (பிளக்குக்கு நேரம் பார்த்துப் பொறி தரும் பெட்டி), காயில் போன்றவை அங்கே வேலை செய்யும், வீட்டுக்கு வந்தால் செய்யாது. ஷாக் அப்சார்பர், பிரேக் சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம். வெல்டிங் தையல் போட்டு பெயின்ட் அடித்த கேரியரைக் கவனியுங்கள். நகத்தால் சுரண்டினால் தையல் தெரியும். எஞ்சின் எண், சேஸிஸ் எண் உள்ள பாகத்தின் பக்கமே போகாதீர்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கினாலும் விளக்கம் சொல்லி அலைய வேண்டியிருக்கும். துண்டுச் சீட்டிலாவது கடைப் பெயரோடு பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ரயில் டிக்கெட் இல்லை, நாள். ஒருநாள் முழுக்கப் போகும், கிடைக்காமலும் திரும்பலாம். அப்புறம் துரு சுரண்டுவது, ரெட் ஆக்ஸைடு, பெயின்ட். கேரியருக்கு நான் கொடுத்த விலையைவிடப் பெயின்டுக்கு அதிகம் ஆனது. வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

## வழி 5: பட்டறையில் செய்வது

சாரி கார்டை நான் பட்டறையில்தான் செய்தேன். கடையில் தொங்கியது அம்மாவின் கால் வைக்கும் பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சரியாக விழவில்லை. பட்டறைக்காரர் வண்டியை நிறுத்தி, அம்மாவை உட்காரச் சொல்லி, “கால எங்க வப்பீங்கம்மா?” என்று கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டார். எந்தப் பாக்கெட்டிலும் இந்தச் சேவை வராது.

நல்ல பட்டறைக்காரர் ஸ்டேயை, அதாவது தாங்கு கம்பியை, ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளுக்கு அளவெடுத்து வளைப்பார். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. மேல் முனை சேஸிஸிலும் கீழ் முனை அங்கேயும் பிடித்தால், முதல் பள்ளத்திலேயே கம்பி முறியும். இரண்டு முனையும் சேஸிஸில்தான் இருக்க வேண்டும். “நேரா சேஸிஸ்ல ஒரு டாக் வச்சிடட்டுமா, ஸ்ட்ராங்கா இருக்கும்” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், வெல்டிங் சூட்டில் பைப் பலமிழப்பது ஒருபக்கம், பழைய வண்டியின் உள்துரு இன்னொரு பக்கம். எந்த வெல்டிங்கும் வண்டியிலிருந்து கழற்றி வைத்துத்தான் நடக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி பறப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. வேறு வழியே இல்லையென்றால் டேங்க்கைக் கழற்றி, பேட்டரி, சி.டி.ஐ. இரண்டின் கப்ளரையும் பிரித்த பிறகுதான்.

மறைந்திருக்கும் செலவு எடை. பட்டறைக்காரர்களுக்கு மெல்லிய பைப் பிடிக்காது. வீட்டு கேட் செய்கிற கம்பியிலேயே கேரியரும் செய்துவிடுவார்கள். தடிமனைக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி முனைகளை உருட்டி விடச் சொல்லுங்கள். கூர்முனை சேலையைவிட முதலில் தோலைத்தான் பிடிக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்துமா? | மறைந்திருக்கும் செலவு | எதற்கு நல்லது | எதற்கு வேண்டாம் |
|---|---|---|---|---|
| கம்பெனி கவுண்டர் | பார்ட் நம்பர் எடுத்தால் உறுதி | காத்திருப்பு, முழு அசெம்பிளி | டூம், சுவிட்ச், ரெகுலேட்டர், ஹாரன் | கேரியர், பெட்டி |
| ஸ்பேர்ஸ் கடை | வண்டியோடு போனால் தெரிந்துவிடும் | தரம் குறைந்ததை மறுபடி வாங்குவது | மிரர், கனமான லெக் கார்டு, சீட் கவர் | பெயரில்லாத எலக்ட்ரிக் சாமான் |
| ஆன்லைன் யுனிவர்சல் | கையில் வந்த பிறகுதான் தெரியும் | ஒயரிங் கூலி, திருப்பி அனுப்பும் தொல்லை | போன் ஓல்டர், பை, கிரிப் | ஹெட்லைட் பல்பு, எடை தாங்கும் எதுவும் |
| புதுப்பேட்டை | அதே கால வண்டியுடையது என்றால் உறுதி | ஒருநாள் அலைச்சல், பெயின்ட் | கேரியர், வைசர், பேனல் | பிரேக், சி.டி.ஐ., எண் உள்ள பாகம் |
| பட்டறை | அளவெடுத்துச் செய்வதால் உறுதி | கூடுதல் எடை, துருவுக்குப் பூச்சு | சாரி கார்டு, ஸ்டே, பிராக்கெட் | சேஸிஸில் நேரடி வெல்டிங் |

## யாருக்கு எது

வண்டியைத் தினமும் ஸ்டேஷன் வரை ஓட்டி நிறுத்துகிறவர் என்றால் ஸ்பேர்ஸ் கடையே போதும், புதுப்பேட்டைக்கு ஒருநாள் லீவு போடத் தேவையில்லை. இரவில் நெடுஞ்சாலையில் போகிறவர், கூடுதல் விளக்குக்கு முன்னால் டூமையும் எர்த்தையும் பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் நல்ல எலக்ட்ரீஷியனிடம் முழு டி.சி. மாற்றத்தைப் பேசுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். இரட்டை ஹாரன் ஆசை இருந்தால் ரிலேயும் பியூஸும் இல்லாமல் போடாதீர்கள், பட்டன் கருகும். அப்பாவின் நினைவாக, வாங்கியபோது இருந்த மாதிரியே வைத்திருக்க விரும்புகிறவருக்குப் புதுப்பேட்டையும் கம்பெனி கவுண்டரும்தான். சாமான் ஏற்றும் வியாபாரிக்குப் பட்டறை. அவருக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தக் கடைக்குப் போனாலும் நான் கொண்டுபோவது இவை: கழற்றிய பழைய சாமான், அது உட்கார்ந்திருந்த இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்த போட்டோ, ஸ்டீல் ஸ்கேல், ஆர்.சி.யின் நகல். பல்பு என்றால் ஓல்டரோடு. “எந்த வருஷ வண்டி?” என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேட்காமலே பாக்கெட்டை எடுத்து வைப்பவரிடம் நாமே சொல்லிவிட வேண்டியதுதான்.

சைடு பாக்ஸ் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இடப்பக்கம் அம்மாவின் சாரி கார்டு. வலப்பக்கம் வைத்தால் கீழே சைலன்சர். ஃபைபர் பெட்டி சூட்டில் இளகும், இரும்புப் பெட்டி கனம். பட்டறைக்காரரிடம் நடுவில் ஒரு தகடு வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறேன். “பொங்கலுக்கு அப்புறம் வாங்க” என்றார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.